வலது கால் முதலில்

வடசேரியில் பஸ் இறங்கி வருகிறவர்கள்
கண்ணாடிக் கதவைத் தள்ளவா இழுக்கவா என்று
ஒரு நொடி நிற்பார்கள்.
அதற்கு வேறு ஆள்.
என் வேலை அதற்கு அப்புறம்,
ஓடும் படிக்குப் பக்கத்தில்.

"வலது கால் முதல்ல வையுங்க.
கீழ பாக்காதிய.
சேலைய லேசா தூக்கிப் பிடியுங்க.
கம்பி கூடவே வரும், பயப்படாதிய."

ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறேன் என்று
கிறிஸ்மஸ் சமயம் ஒருமுறை எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் விட்டுப்போயிற்று.
ஒரு பையன் செருப்பைப் படியின் வாய்க்குள் கொடுத்துவிட்டான்.

ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம்.
நடுக்கடலில் வள்ளத்தில் நின்று
வலை இழுக்கிற மனுஷர்,
என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று தெறித்தது.
மேலே போய்ச் சேர்ந்ததும் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"சவம், கடலே தேவல."

கோட்டாற்றில் பேரம் பேசியே பழகிய ஒருத்தி
பில் போடும் ஷோபிகாவிடம் கேட்கவில்லை,
சிவப்பு வெளிச்சம் அடிக்கும் மிஷினிடமே கேட்டாள்:
"ஒரு அம்பது கொறைக்கப்பிடாதா?"
அது கீக் என்றது.
நாங்கள் சிரிக்கவில்லை.
சிரித்தால் கேமராவில் விழும்.

உட்காரச் சட்டம் வந்துவிட்டதாம்.
ஒரு ஸ்டூல் போட்டார்கள்.
அதில் கஸ்டமர் பைகள் உட்காரும்.

எங்களுக்குப் பின்பக்கம் சிமென்ட் படி,
எழுபத்தெட்டு.
ஓடும் படி ஊழியர்களுக்கு இல்லை என்று
முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.
ஏழு மாதம்
ஊரையே ஏற்றிவிட்டேன்.

சரக்குக் கணக்கு எடுத்த ராத்திரி
மணி பத்தே முக்கால்.
ஜாண்றோஸ் அண்ணன் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வந்தார்.
விமலபாயின் சாப்பாட்டுப் பை இரண்டாவது மாடியில்.
பின் கதவு பூட்டியாச்சு.
"இதுல ஏறி எடுத்துட்டு வா, நிப்பாட்டிட்டேன்லா."

நின்றுபோன படிதான்.
கண்ணுக்குத் தெரிந்தது,
காலுக்குத் தெரியவில்லை.
முதல் படியில் வைத்ததும்
உடம்பு முன்னால் போய் விழப் பார்த்தது,
ஓடாத ஒன்று என்னைப் பிடித்துத் தள்ளியதுபோல.

கீழே அண்ணன் சிரிக்கிறார்:
"வலது கால் முதல்ல, மக்ளே!"

எனக்கும் சிரிப்பு வந்தது.
கேமராவைப் பார்த்தே சிரித்தேன்,
அதன் சின்னச் சிவப்புப் புள்ளியும் அணைந்திருந்தது.
படி ஒவ்வொன்றும் ஒரு உயரம்,
முதலில் குட்டை, நடுவில் நெட்டை.
இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்ததால்
யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

மேலே இருட்டில்
தலையில்லாத பொம்மைகள் நாளைய சேலையில் நின்றன.
பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கருங்கல் கடைசி வண்டி.
மழை பெய்துகொண்டிருந்ததால் கூட்டமில்லை.
சன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன்.
திங்கள்சந்தை தாண்டும்வரை
கால் மட்டும்
நின்றுகொண்டே வந்தது.