இடது மூலை

ஏலத்தன்று பாம்பன் ஐஸ் கம்பெனி வாசலில்
ஒரே போனை ஒன்பது பேர் பார்த்தோம்.
பத்து லட்சம், இருபது, எண்பது என்று ஏறிப்போய்
டி பிரிவு வரும்போது
இலங்கை சிக்னல் வந்து ஒட்டிக்கொண்டது.
படம் திரும்புவதற்குள்
கோட் போட்டவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.
விலை போகவில்லை என்றுகூட இல்லை.
என் பெயரை வாசிக்கவே இல்லை.

“அப்ப நீ லிஸ்ட்ல இருக்கியா இல்லியாண்ணே?”
தம்பி கேட்டான்.
கடலுக்குப் போயிட்டு வந்து சொல்றேன் என்றேன்.

பதினேழாம் நாள் போன்.
புனேயில் ஒருத்தனுக்கு முட்டி போய்விட்டதாம்.
எடை எவ்வளவு, ஷூ இருக்கா, நாளைக்கே வர முடியுமா.
சேதுவில் இடம் இல்லை.
சென்னை வரைக்கும் கழிவறைக் கதவோரம்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதுதான்
முதல் பயிற்சி.

பனியன் முதுகில் முட்டி போனவன் பெயர்,
அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி.
வேர்த்தால் பிளாஸ்திரி உரிந்து
அவன் வெளியே வருவான்.
என் பெயர் வியாகுலம்.
தங்கச்சிமடத்தில் அது மாதாவின் பெயர்.
வடக்கே அதற்குப் பதற்றம் என்று அர்த்தமாம்.
சிரித்துவிட்டு விக்கி என்று வைத்தார்கள்.
பதற்றம் என்றே விட்டிருக்கலாம்.

மூலையில் நிற்பவன் முகம் பார்க்கக் கூடாது.
முகம் வலப்பக்கம் போகிறேன் என்று சொல்லும்,
கணுக்கால் போகிற இடத்துக்குத்தான் போகும்.
நாலு வருடம், மூன்று அணி, முப்பத்தோரு ஆட்டம்
குனிந்தபடியே இருந்தேன்.
நரம்பு புடைத்த கால் ஒன்று.
தரையில் படாமலே நடக்கிற கால் ஒன்று.
சாக்ஸுக்கு மேலே பிறைபோலத் தையல் போட்ட கால்,
அதை ஜெய்ப்பூரில் ஒரு தடவை பிடித்தேன்.
கடைசி ஒன்றரை நிமிடம். எங்கள் பக்கம் மூன்றே பேர்.
கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது அவன் கைக்கு.
ரப்பர் மேட்டில் ஷூ கீறிய சத்தம்
இப்போதும் சில ராத்திரி கேட்கும்.
இரண்டு பாயிண்ட்.
மறுநாள் பேப்பரில் ‘மாற்று வீரர்’.

அடுத்த முகாமில் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள்.
ஐடி கார்டையும் கையோடு கொண்டு வா.
அது புரிய இந்தி தெரிய வேண்டியதில்லை.

இப்போது ஆட்டோ.
அக்னி தீர்த்தத்துப் பக்கம், வரிசையில் ஐந்தாவது.
அமாவாசைக்கு மறுநாள்
ஈரக் கால்களாகப் படியேறி வந்துகொண்டிருந்தன.
நடுவில் அந்தப் பிறை.

ஹேண்டில் பாரில் இருந்த விரல்கள்
சங்கிலியாகக் கோத்துக்கொண்டன, நான் சொல்லாமலே.

“தனுஷ்கோடி கித்னா?”
எண்ணூறு.
அறுநூறு என்றான்.
சரி என்றேன். முன்னால் நின்ற நாலு ஆட்டோவும் முறைத்தது.

முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல்.
காற்றைப் பற்றி என்னவோ
பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டே வந்தான்.
கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன்.
முகம் மட்டும்தான் தெரிந்தது.
யாரோ ஒருத்தர்.