இடது கால்

பத்தொன்பது வருஷம் கழித்து ஐநூறு சிசி.
சாவி கொடுத்த வாஜித்
"கியர் இடது பக்கம்ணே, மறந்துடாதீங்க" என்றான்.
பழைய புல்லட்டில் அந்தக் காலுக்கு பிரேக் வேலை.
அதை ஏன் விற்றேன் என்பது
இன்றைக்கு வேண்டாம்.

பேரணாம்பட்டு தாண்டி
பத்தலபல்லி ஏற்றம், நாலாவது வளைவு.
வி.கோட்டா தக்காளி லாரி
முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கியது.
யோசிக்கவில்லை.
இடது கால் போய்த் தன் பழைய வேலையைச் செய்தது.

கியர் விழுந்து, இன்ஜின் அலறி,
வண்டி தானே தளர்ந்தது.
லாரி போய்விட்டது.
இரண்டு தக்காளி உருண்டு வந்து
ஓரக்கோட்டில் நின்றன.

செக்போஸ்ட்டில், எங்கே என்று தெலுங்கில் கேட்டார்கள்.
தெரியல என்றேன், தமிழில்.
வண்டியை அணைக்கவில்லை.
தொடை நடுங்குவதை
இன்ஜின் என்று நினைத்திருப்பார்கள்.