ஐம்பதாவது கோடு

ரியோ ரிக்கோவுக்குப் போகும் நெடுஞ்சாலையில்
தூரப் பலகைகள் கிலோமீட்டரில்;
வேகப் பலகைகள் மைலில்.
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்வேன் என்று
ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை.

மூன்றாம் வகுப்பு. அறை ஒன்பது.
இருபத்திரண்டு மர ஸ்கேல்கள்.
ஒரு விளிம்பில் அங்குலம், எதிர் விளிம்பில் சென்டிமீட்டர்.
ஒரே வீட்டில் குடியிருந்தும்
பேச்சுவார்த்தை இல்லாத இருவர்.

பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி என்றேன்.
ஏன், என்றான் கோல்பி.
மூன்று அடி ஒரு கஜம்.
ஏன்.
பதினாறு கோப்பை ஒரு கேலன்.
இந்த முறை அவன் கேட்கவில்லை.
என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

மதியம் பால் டப்பாவைத் திருப்பி
இருநூற்று முப்பத்தாறு மில்லிலிட்டர் என்று படித்த யதீரா
"இருநூற்றைம்பதாவது ஊத்தியிருக்கலாம்" என்றாள்.
எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா
தக்காளியைக் கிலோவில் ஏற்றுகிறார்.
இந்தப் பக்கம் மாமா பவுண்டில் இறக்குகிறார்.
சோதனைச் சாவடியில் ஒரு பழமும்
கனத்ததில்லை, இளைத்ததில்லை.

அவள்தான் கேட்டாள்:
"இந்த ரெண்டு கோடும் எங்கேயாவது
நேருக்கு நேர் நிக்குமா?"
பூஜ்யத்தில் நிற்கிறதே என்றேன்.
"அது சேத்தி இல்ல டீச்சர்.
அங்க இன்னும் யாரும் கிளம்பவே இல்ல."

ஸ்கேல் முடிந்துபோனது. நிற்கவில்லை.
குழாய் பழுதுபார்க்க வந்த லெமுவேலிடம்
இரும்பு டேப்பை இரவல் வாங்கி
தரையில் நீட்டினோம்.
வகுப்பே முழங்காலில் ஊர்ந்தது.

பதிமூன்றாம் அங்குலத்தில் ஒரு கூச்சல்.
பூதக்கண்ணாடி வைத்தால்
ஒரு முடி தள்ளி.
முப்பத்தேழில் மறுபடி கூச்சல்,
மறுபடி முடி.

ஐம்பதில்
யாரும் கத்தவில்லை.
நூற்று இருபத்தேழும் ஐம்பதும்
ஒரே கோடாகக் கிடந்தன.
யதீரா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

ஏன், என்றான் கோல்பி.
இந்த ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது:
ஓர் அங்குலம் இவ்வளவுதான் என்று
சில நாடுகள் கூடி ஒப்புக்கொண்டதால்.
ஆரம்பிப்பதற்குள்
அவன் டேப்பின் பக்கத்தில் மல்லாந்துவிட்டான்,
உச்சந்தலை பூஜ்யத்தில்.
ஷூவைக் கழற்றச் சொன்னார்கள்.
ஓட்டைக் காலுறையில்
ஒரு விரல் எட்டிப் பார்த்தது.

இன்னும் ஆறு மில்லிமீட்டர், என்றது ஒரு பக்கம்.
இல்லை, கால் அங்குலம், என்றது எதிர்ப் பக்கம்.

மணி அடித்தது.
லெமுவேல் டேப்புக்காக வாசலில் நின்றார்.
கோல்பி எழவில்லை.
குதிகாலை நீட்டி,
கண்ணை இறுக மூடி,
மூச்சுப் பிடித்துக்கொண்டு
வளர்ந்துகொண்டிருந்தான்.