ஒன்றுக்கு ஒன்று

சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரம்
தகரக் கொட்டகை, தரையோடு தரையாக
இரண்டு இரும்பு உருளைகள்.
அவற்றின்மேல் ஓடும் கார் எந்த ஊருக்கும் போவதில்லை.

ஏப்ரல். பதினொரு மணிக்கே முப்பத்தெட்டு டிகிரி.
நாகலூரிலிருந்து லூர்துராஜ் இறங்கி வந்திருக்கிறார்,
இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து,
பின்சீட்டில் மிளகு மணக்கும் காலிச் சாக்கோடு.
"பவர் பத்தலை" என்கிறார்,
டாக்டரிடம் பசியில்லை என்பதுபோல.

இம்தியாஸ் பட்டைகளை மாட்டுகிறான்.
நான்கு கொக்கி. நான்கையும் நானே இழுத்துப் பார்ப்பேன்.
ஒரே ஒரு நாள் பார்க்காமல் விட்டேன்.
அந்தப் பள்ளம் இன்னும் சுவரில் இருக்கிறது.

"செகண்ட் கியர்லயே போடுங்க மேடம்,
நான் குடியிருக்கிறதே அதுலதான்."

பொய்யில்லை.
மலையில் இருப்பவருக்கு இரண்டாவது கியர்தான் விலாசம்.
ஆனால் உருளைக்கு மலை தெரியாது.
இரண்டில் முள் விருட்டென்று ஏறி
நாலு விநாடியில் கதை முடிந்துவிடும்.
டர்போ மூச்சை இழுப்பதற்குள் நான் காலை எடுத்திருப்பேன்.
டயர் வழுக்கும்.
இயந்திரம் தன் சொந்தப் பாரத்தைச் சுழற்றவே
சம்பாதித்ததில் பாதியைச் செலவழிக்கும்.
ஐந்தில் போட்டாலோ சக்கரம் நூற்றெண்பதைத் தொடும்,
மூன்று மழைக்காலம் பார்த்த டயர், நான் மாட்டேன்.

நான்கு.
உள்ளே போகும் தண்டும் வெளியே வரும் தண்டும்
ஒரே சுற்று சுற்றுகிற இடம்.
வாங்கியதை வாங்கியபடி கொடுப்பது.
செவ்வாய்ப்பேட்டைத் தராசில்கூட
அவ்வளவு நேர்மையை நான் கண்டதில்லை.

மின்விசிறி அலறியது.
ஆயிரத்து ஐந்நூறிலிருந்து முழுசாக மிதித்தேன்.
பதினாறு விநாடி, தகரம் அதிர்ந்தது,
சுவர்க் காலண்டர் ஆணியோடு ஆடியது.
அறுபத்தெட்டு குதிரை.

லூர்துராஜ் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினார்.
சித்தப்பா மகனுடைய அதே கார், கோயம்புத்தூரில் எடுத்த தாள்.
எண்பத்தொன்று.
பெரிதாக்கிப் பார்த்தேன், மூலைகூட விடாமல்.
எந்தக் கியர் என்று எங்கும் இல்லை.
மாம்பழத்துக்கு விலை சொல்லிவிட்டு
கிலோவா டஜனா என்று சொல்லாத கடைக்காரன்.

சரி, உங்களுக்காக, காசு வேண்டாம் என்று
இரண்டிலும் ஒருமுறை ஓட்டினேன்.
ரப்பர் நாற்றம். ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு.
அறுபத்தொன்று.

இரண்டு தாளையும் பானெட்மேல் விரித்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ரொம்ப நேரம் பார்த்தார். எண்ணை அல்ல, கோட்டை.
நான்கின் கோட்டில், இரண்டாயிரத்தைத் தாண்டியதும்
ஒரு சின்னச் சரிவு;
எனக்கே அது முதலில் படவில்லை.
விரலை அங்கே வைத்தார்.
"பதினாலாவது வளைவு" என்றார்.
"இங்கதான் மேடம், இதே இடத்துலதான் செத்துப்போறான்.
பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிப்பான்."

ரம்பக் கோட்டில் அந்த இடத்தைத் தேடினோம்.
பல்லோடு பல்லாக எங்கோ கரைந்திருந்தது.

இம்தியாஸ் டார்ச்சோடு கீழே படுத்தான்.
டர்போ குழாயின் இடுக்கில் எண்ணெய்க் கசிவு,
விரல் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.
"அக்கா, காத்து இங்க போயிட்டிருக்கு."
ஐந்து ரோட்டுக் கடையில் அந்தக் குழாய் இல்லை.
நாளைக்குத்தான்.

போகும்போது தாளைத் திருப்பி நீட்டினார்:
"கியர் நம்பரை எழுதிக் கொடுத்துருங்க."
பேனாவால் எழுதினேன், நான்கு,
பக்கத்தில் முப்பத்தெட்டு டிகிரி என்பதையும்.
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
அறுபத்தெட்டோடே மலையேறப் போனார்.

ராத்திரி ஒன்பதுக்குக் கதவை இறக்கினேன்.
அம்மாபேட்டை வரை பதினைந்து நிமிடம்.
என் ஸ்கூட்டரில் கியரே கிடையாது.
இருந்தும் மேம்பாலம் ஏறும்போது
இடது கால் தானாகக் கீழே எதையோ தேடியது.