இன்றைக்கு நாலு சதுர மீற்றர்

மாங்குளத்துக்குக் கிழக்கே, சிவப்புக் கட்டைகளுக்கு நடுவே
குப்புறப் படுத்தபடி புல் வெட்டுகிறேன்.
கத்தரிக்கோல் ஒரு தடவை, பிறகு காது.
கருவி கத்தவில்லை.
பாலை வேரடியில் ஒரு துளை,
ரெண்டு ரூபாய்க் குற்றி நுழையும் அகலம்.

துளைகளுக்கு எங்களிடம் சட்டம் உண்டு.
விரல் விடாதே. நிழல் விழ விடாதே. கூப்பிடு.
ஆனால் வாயைச் சுற்றி வெள்ளையாய் ஒரு விளிம்பு,
பனி இன்னும் அதில் தொங்குகிறது.
கண்ணிவெடி பட்டு நெய்யாது.

யோகமலர் வந்து பக்கத்தில் படுத்தாள்.
"புலிமுகச் சிலந்தி" என்றாள்,
சொன்ன பிறகு தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள்.
பழக்கம்.

என் தம்பி நிமலகாந்தன் குயின்ஸ்லாந்தில்
வாழைக்குலை சுமக்கிறான்.
நெற்றியில் விளக்குக் கட்டி மூன்று மாரி
மலைச்சரிவில் தேடினானாம்,
அந்த ஒரு சரிவில் மட்டும் இருக்கிற சாதியை.
அட்டைதான் கடித்தது.
பிறகு ஒருவனிடம் காசு கொடுத்து வாங்கினான்,
அப்போது அது பயறளவு.
ரசீது இருக்கிறது: பிறந்த திகதி, தாயின் இலக்கம், ஊர்.
"அதுக்குக் கடுதாசி எல்லாம் சரி, அக்கா" என்று சிரித்தான்.
அவனுடையது ஆறு மாதத்துக்கு ஒருக்கால்.

சீண்டினால் விசில் அடிக்குமாம்.
ஃபோனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்தான்.
எனக்கு லைனின் இரைச்சல்தான் கேட்டது,
கேட்டது என்று சொன்னேன்.
எங்கள் வெளியில் விசில் என்றால்
நின்ற இடத்தில் நில்.

போன மாசி, இரவு ஒரு மணி.
"செத்துப்போச்சு. மல்லாந்து கிடக்குது."
கடல் ஏறின இரவிலும் அவன் குரல் இப்படி உடையவில்லை.
நீதானே சொன்னாய், என்றேன்,
தோல் கழற்றக்கை மல்லாந்துதான் கிடக்கும் எண்டு.
தொடாதை. ஊதாதை. தண்ணி தெளிக்காதை.
ஃபோனைப் போத்தலில் சாய்த்து வைத்தான்.
அவன் அங்கே ஒரு கட்டிலின் விளிம்பில்,
நான் இங்கே நுளம்புவலைக்குள்.
முதலில் ஒரு வெடிப்பு.
பிறகு கால்கள், வேலை முடிந்து
கையுறை கழற்றுவதுபோல, ஆனால் எட்டு,
ஆனால் நாலு மணித்தியாலம்.
வெளியே வந்தது வெளிறி, ஈரமாய்,
பல்லுக்கூட வெள்ளை.
எங்களை ஏற்றும் லொறி கோர்ன் அடித்தது.
பத்து நாளுக்குச் சாப்பாடு போடாதை என்று வைத்தேன்.

இப்போது என் துளை.
ஒரு சாண் ஆழம் கட்டாயம் கிளற வேண்டும்,
அது எவருடைய வாசலாக இருந்தாலும்.
பொறுப்பதிகாரி சொன்னார்: படிவத்தில் சிலந்திக்குக் கட்டம் இல்லை.
புல் ஈர்க்கை நனைத்துப் பட்டில் மெல்லத் தட்டினேன்,
வண்டு நடப்பதுபோல, அவன் சொல்லித் தந்தபடி.
முதலில் ரெண்டு கால்.
முன்கால்களின் அடியில் மஞ்சள், நான் நினைக்காத மஞ்சள்.
யோகமலரின் சோத்துப் பெட்டி மூடியோடு காத்திருந்தது.
அவள் மூச்சு விடவில்லை. நானும்தான்,
வெடி எடுக்கிற நாளில்கூட நான் மூச்சு விடுவேன்.

கிளறினோம். ஒரு சோடா மூடி.
ஆணி ஒன்று, வளைந்தது.
மண்ணைத் திருப்பி மூடி
பெருவிரலால் ஒரு குழி போட்டேன்.
பெட்டியைச் சரித்தபோது அது கொஞ்ச நேரம் யோசித்தது,
பிறகு பின்பக்கமாய் உள்ளே போனது,
எங்களைப் பார்த்தபடி.

படம் அனுப்பினேன். உடனே எடுத்தான்.
"பெண்ணோ?" என்றான்.
"பெண் எண்டால் இருபது வருசம் ஒரே பொந்துக்கை கிடக்கும்.
ஆண், வயசு வந்தவுடனை வெளிக்கிட்டிடும்.
திரும்பி வராது, அதுகளுக்கு..."
நிறுத்திவிட்டான்.
வாழைக்குலை இப்போது என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னான். டொலரில் சொன்னான்.

பின்னேரம் கொப்பியில் எழுதிக் கையெழுத்திட்டேன்:
நாலு சதுர மீற்றர். உலோகம் இரண்டு.
வேறொன்றும் கிடைக்கவில்லை.