நுழைந்த தேதி

விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
அதற்குள் வரிசை
குடியேற்ற அலுவலகத்துச் சுவரைச் சுற்றித் திரும்பி
மூடிய ரொட்டிக்கடைவரை வந்துவிட்டது.
எங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்.
ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருக்கிறார்.
அனுபவசாலி.

நான் துணைக்கு வந்தவள்.
என் பையில் குடியுரிமை அட்டை.
அண்ணன் ஜைல்சன் பையில் தங்கும் அனுமதி,
பால் பாக்கெட்டில் இருப்பதுபோல
அதன் ஓரத்திலும் ஒரு தேதி.

ஒரே வயிறு, ஒரே ஆஸ்பத்திரி.
தொட்டில்கூட ஒன்றுதான்,
அதன் விளிம்பில் அவன் பல்தடத்தின்மேல்தான்
என் பல்லும் பதிந்தது.
இடையில் இரண்டு வருடம் எட்டு மாதம்.
அதற்குள் அம்மாவின் காகிதம் ஒன்றில்
முத்திரை விழுந்துவிட்டது.
அவன் முந்திப் பிறந்துவிட்டான்,
வீட்டில் குளியலறைக்குக்கூட முந்தாதவன்.

ஒன்பதாம் வகுப்பில் லண்டன் சுற்றுலா.
விசா வரவில்லை.
காய்ச்சல் என்று சொல்லிவிட்டான் நண்பர்களிடம்.
அந்தக் காய்ச்சலோடு
வாரம் முழுக்கத் தெருவில் பந்து உதைத்தான்.

நாட்டின் அணி கோல் போட்டால்
எங்கள் கட்டடத்தில் முதல் கூச்சல் அவனுடையது.
கீழ்வீட்டு ஒலிந்தா அம்மையார்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்.
அவரே ஒருநாள் லிஃப்டில் கேட்டார்,
"உங்கள் ஊரில் இப்போது வெயிலா?"
"உங்கள் ஜன்னலில் அடிக்கிற அதே வெயில்தான்,
ஒரு மாடி மேலே."

அம்மாவின் கிரியோலை அவன் பேசினால்
அம்மாவே சிரிப்பாள்,
"வங்கி மேனேஜர் மாதிரி பேசாதேடா."
தினமும் விடியுமுன்
வங்கி மேனேஜரின் மேசையைத் துடைப்பவள் அவள்.

வந்தேறி என்கிறார்கள்.
வரவும் இல்லை, ஏறவும் இல்லை.
அமடோராவில் ஒரு மழைநாளில்
பிறந்து விழுந்தவன்.
திரும்பிப் போ என்கிறார்கள்.
திரும்புவதென்றால்
ஒருமுறையாவது கிளம்பியிருக்க வேண்டாமா?

பதினொன்றே காலுக்கு எங்கள் எண்.
கண்ணாடிக்குப் பின்னால் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பெண்,
ஒரு விரலில் மட்டும் நகப்பூச்சு உரிந்திருந்தது.
"ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறது.
நாட்டுக்குள் நுழைந்த தேதி."
பிறந்த தேதியை எழுதினான்.
"நுழைந்த இடம்?
விமான நிலையமா, துறைமுகமா, தரைவழியா?"

பேனா முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு எழுதினான்:
சுல்மீரா.

"இது எந்தத் துறைமுகம்?"
"சின்னதுதான் மேடம்.
ஒரு சமயத்தில் ஒரு படகுதான் வரமுடியும்."
"எங்கே இருக்கிறது?"
"இந்நேரம் பள்ளிக்கூடச் சமையலறையில்
பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.
தட்டச்சு செய்துபார்த்தாள்.
கணினி ஏற்கவில்லை.
கீழே இழுத்து, இன்னும் கீழே இழுத்து,
பட்டியலின் கடைசியில் இருந்த
"மற்றவை"யை அழுத்தினாள்.

இன்னும் ஒரு காகிதம் குறைகிறதாம்.
அவன் கால் வைக்காத தீவிலிருந்து
அங்கே அவன் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று
சான்றிதழ் வேண்டும்.
மார்ச்சில் வாருங்கள்.

ரயிலில் கேட்டேன்,
"அப்போ நான் எந்தத் துறைமுகம்?"
"நீயும் அங்கேதான் கரையேறினாய்.
நீ வந்த இரவு
கலங்கரை விளக்கம் எரிந்தது, அவ்வளவுதான்."
சொல்லிவிட்டு, வாய் பிளந்து தூங்கிப்போனான்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார்.
அவன் சட்டைப்பையிலிருந்து நானே எடுத்து
இரண்டையும் நீட்டினேன்.
இரண்டுக்கும் ஒரே பச்சை விளக்கு.

ஜன்னலில் ஆஸ்பத்திரி வந்தது,
மூன்றாவது மாடியில் யாரோ திரைச்சீலையை விலக்கினார்கள்.
எழுப்பிக் காட்டலாமென்று தோன்றியது.
எழுப்பவில்லை.
காலை மூன்று மணியிலிருந்து நிற்கிறவன்.
எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு இருந்தது.