பிழையாய் அடிபட்ட தாள்கள்

சனிக்கிழமை கடை அரைநாள்.
பழுதாய்ப்போன போட்டோக்கொப்பிகளை
எறிய மனமில்லாமல் பையில் அள்ளி வருவேன்:
பாதி கறுத்த அடையாள அட்டை,
சரிந்து விழுந்த காணி உறுதி,
ஆரோ ஒரு பிள்ளையின் பிறப்புச் சாட்சிப்பத்திரம்,
தகப்பன் பெயருக்கு வரும்போது மை தீர்ந்திருந்தது.
குருநகர் ஐந்துமாடியில் லிஃப்ட் இல்லை.
நாலாம் மாடிக்கு நான் மூச்சிரைக்க ஏறுமுன்னே
படியில் குந்தியிருக்கும் மூன்று பேர்
பையைப் பறித்துவிடுவார்கள்.

றெமீசியஸ், அவன் தங்கை டிலானி,
பிறகு இரண்டாம் மாடிச் சாருகன்.
சாருகனுக்குக் கதை குறைவு, கை சுத்தம்.
விளிம்போடு விளிம்பு வைத்து
நகத்தால் ஒரே இழுவை;
கடதாசி அவனுக்குப் பயந்து மடியும்.
என்னுடையது எப்போதும்
ஒரு செட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.
"அன்ரி, இது ஏலாது. மூக்கில பாரம் காணாது."
கைப்பையிலிருந்து ஒரு கிளிப் எடுத்துக் குத்தினேன்.
அதற்குப் பிறகும்
ஏலாது என்றுதான் சொன்னான்.

முதலில் கடல் பக்கம்.
சோளகம் தொடங்கிவிட்டது.
விட்ட பிளேன் ஒன்றுகூடக் கடலைக் காணவில்லை.
அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும், யோசிக்கும்,
கதவு பூட்டினேனா என்று பார்க்க வருகிற ஆள் மாதிரி
திரும்பி எங்களிடமே வரும்.
காணி உறுதி மட்டும்
மூன்றாம் மாடி பிலோமினாக்காவின்
கணவாய்ச் சட்டிக்குள் இறங்கியது.
அவ திட்டத் திட்ட
எனக்கு அந்த வரிகள் ஞாபகம் வந்தன:
கோப்பாயில் நாலு பரப்பு,
கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்.

டிலானி பிளேனை விடுமுன்
வாயால் இரைச்சல் போடுவாள்.
"அன்ரி, நீங்களும் போடுங்கோ."
வாயைத் திறந்தேன்.
வரப்போவது எது என்று தெரிந்து
பல்லுக்குள் பிடித்துக்கொண்டேன்.
இவளின் வயதில்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்,
இது சகடை, இது பொம்பர், இது ஹெலி.
வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள்,
ஓடுவதா, படுப்பதா என்று.

"எனக்குச் சத்தத்திலேயே
பிளேன்ரை பேர் தெரியும்" என்றேன்.
"பொய்."
பிறகு, கொஞ்சம் எரிச்சலோடு,
"எத்தனை பாத்தனீங்கள்?"
எண்ணேல்லை, பிள்ளை.
"நான் ஒண்டே ஒண்டு.
பலாலிக்குப் போனது. அதுவும் முகிலுக்குள்ளை."
அவளுக்கு அது நியாயமாய்ப் படவில்லை.

பின்பக்கம் போனோம்.
இப்போது காற்று முதுகில்.
அடையாள அட்டைகள் கேபிள் வயர்களுக்கு மேலால்,
தண்ணித்தாங்கிக்கு மேலால்
யாரையும் கேட்காமல் போயின.
றெமீசியஸ் காற்சட்டைப் பையிலிருந்து
ஒரு தாளை எடுத்தான். என் பையில் வந்த தாள் அல்ல;
கோடு போட்டது, எட்டாய் மடித்து வியர்வையில் ஊறியது.
"அது என்ன?"
"சும்மா."
சாருகன் ஒன்றும் கேட்காமல் மடித்துக் கொடுத்தான்.

என்ன வடிவாய்ப் போனது.
இரண்டு தரம் வட்டமடித்து,
ரோட்டுக்குப் போகிற மாதிரிப் போய், மனம் மாறி,
வேப்பமரத்துக்குக் கீழே
அவனின் தகப்பன் பொத்திக்கொண்டிருந்த வலையில்
மெல்லக் குந்தியது.

அவர் பிரித்தார்.
நேரமெடுத்து வாசித்தார்.
நாங்கள் நாலு பேரும்
சுவருக்குப் பின்னால் பதுங்கினோம்.
"டேய் றெமீசியஸ்! கணக்குக்கு முப்பத்தினாலோ?"
மாடிக்கு மாடி யாரோ சிரித்தார்கள்.
பிலோமினாக்காவும்தான்.

பிறகு சத்தமில்லை.
மெதுவாய் எட்டிப் பார்த்தேன்.
அவர் அந்தத் தாளை
பழைய மடிப்புகளைத் தேடித் தேடி மடிக்கிறார்.
நைலோன் வெட்டிய விரல்கள்.
எழும்பி நின்று, ஒரு கால் பின்னால் வைத்து,
வீச்சுவலை எறிகிற தோளால் மேலே விட்டார்.

இரண்டாம் மாடி வரைக்கும் வந்தது.
விழுந்தது. திரும்ப எறிந்தார்.

"மூக்கு! மூக்கிலை பாரம் காணாது!"
சுவருக்கு மேலால் பாதி உடம்பை நீட்டிச்
சாருகன் கத்தினான்.
அவனை இழுத்துப் பிடித்த கையை விடாமல்
மற்றக் கையால் கைப்பைக்குள்
இன்னொரு கிளிப் தேடினேன்.